சார்ஜர் அவரிடம், பேட்டரி என்னிடம்

ஜூன் 5

தம்பிக்கு,

உன் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இதைப் பிரிக்காதே. தீரவில்லை. "உங்க ரெண்டு பேரையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்கான மூளை தேறாது" என்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் சொன்னவனுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்ததே என்ற கடுப்போடுதான் எழுதுகிறேன். இந்த மலை மேல் போனுக்கு சிக்னல் கிடையாது. சாமான் லாரி வாரத்துக்கு ஒரு தடவை ஏறும், மறுநாள் இறங்கும். லாரிக்காரர் உன் தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் இதைக் கொடுத்துவிடுவார். பதிலையும் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரிக்குப் புதிதாகக் கட்டியிருக்கும் வார்டு முழுக்கக் கதவு மாட்டும் வேலையை எடுத்திருக்கிறேன். உன் அத்தான் பெயரில் இல்லை, கடை பெயரில் இல்லை, என் பெயரில். இந்த மாதிரி எடுப்பது இதுதான் முதல் தடவை. ஜூலைக் கடைசியில் திறப்பு. அதற்குள் எல்லாக் கதவும் சத்தமில்லாமல் திறந்து சத்தமில்லாமல் மூட வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவோம் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

புது வார்டுக்கு இன்னும் மின்சாரம் இழுக்கவில்லை. ஒயர் வைத்த டிரில் இங்கே உதவாது. பேட்டரி டிரில்தான். மூன்று பேட்டரியையும் கிளம்பும்போது ஒரு ஏ.சி. மெக்கானிக்கின் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்போது மூன்றும் தீர்ந்துவிட்டன. சார்ஜர் எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசாதே.

பழைய கட்டடத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. சமையல் நேரத்துக்கு ஓடும். வயர்லெஸ் செட்டுக்காக சோலார் பேட்டரி வரிசை ஒன்றும் இருக்கிறது, இருபத்துநாலு வோல்ட். அதிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார் ஜெனரேட்டர்காரர். "உங்களுது பதினெட்டு, இது இருபத்துநாலு. கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சீக்கிரம் ஏறிடும்" என்கிறார். அவரிடம் ஒரு பழைய லேப்டாப் அடாப்டரும் இருக்கிறது. எதில் கொடுக்கலாம்? ஒரு வரியில் எழுது. பாடம் நடத்தாதே.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

ஒரு வரி கேட்டாய். இதோ: இரண்டிலும் கொடுக்காதே.

இனி பாடம். உன் பேட்டரிக்குள் ஐந்து செல் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருக்கிறது. முழுதாக ஏறினால் மொத்தம் இருபத்தொரு வோல்ட். அங்கே நின்றுவிட வேண்டும். மேலே பதினெட்டு என்று அச்சடித்திருப்பது சும்மா சராசரி. சோலார் வரிசையும் பெயருக்குத்தான் இருபத்துநாலு, நல்ல வெயிலில் இருபத்தெட்டைத் தொடும். அதை நேராகக் கொடுத்தால் செல் சுடும், வீங்கும், பிறகு பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் லேசில் அணையாது. சீக்கிரம் ஏறும் என்று ஜெனரேட்டர்காரர் சொன்னது சரிதான். கூரை வரைக்கும் ஏறும்.

லேப்டாப் அடாப்டரில் வோல்ட் கம்மி, அதனால் ஆபத்தில்லை என்று யாராவது சொல்வார்கள். காலி பேட்டரி கரண்டைக் கண்டபடி இழுக்கும். ஒன்று அடாப்டர் கட் ஆகும், இல்லை கருகும். சார்ஜர் என்றால் மின்சாரம் கொடுக்கிற டப்பா என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். எவ்வளவு கொடுக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்று பார்க்கிற டப்பா அது. பேட்டரியில் பிளஸ், மைனஸ் இரண்டு தகடு போக நடுவில் சின்னதாக இன்னொன்று இருக்கிறதே, அது வழியாகத்தான் உள்ளே எவ்வளவு சூடு என்று சார்ஜர் தெரிந்துகொள்ளும். ஜெனரேட்டர்காரரின் ஒயருக்கு அது தெரியாது.

ஜெனரேட்டர்காரரிடம் மீட்டர் இருக்கும். மூன்று பேட்டரியிலும் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்து எழுது. எந்த இடத்தில் வைத்து சார்ஜ் போடப் போகிறாய், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுது.

பேசாதே என்றதைப் பற்றி இனி பேசுகிறேன். நீயும் அத்தானும் பிரிந்த அன்று சாமானைப் பங்கு போட்டது பெரியப்பா. வாழ்நாளில் ஒரு ஸ்குரூ முடுக்காத மனிதர். ஆளுக்கு ஒரு டிரில். "பேட்டரி பொண்ணுக்கு, அந்தக் கறுப்பு டப்பா மாப்பிள்ளைக்கு, சரியாப் போச்சு" என்றார். அந்தக் கறுப்பு டப்பாதான் சார்ஜர் என்று நான் சொன்னேன். "சின்னப் பையன் சும்மா இரு" என்றார்கள். நீங்கள் இரண்டு பேரும் தொழில்காரர்கள், உங்களுக்குத் தெரியாதா? இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மூளை தேறாது என்று அதற்குத்தான் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். இப்போது பேட்டரி இருந்தும் நீ வேலை செய்ய முடியாது, சார்ஜர் இருந்தும் அவர் வேலை செய்ய முடியாது. அந்த மாடலே இப்போது கடையில் வருவதில்லை. அவரிடம் போய்க் கேட்டு வாங்கி அனுப்பட்டுமா? அரை மணி நேர வேலை.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

கேட்காதே. அந்தக் கடை வாசலில் சார்ஜருக்காக நீ போய் நின்றாய் என்று தெரிந்தால் எனக்குத் தம்பியே இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், உண்மை. எதற்குப் பிரிந்தோம் என்று உனக்கு யாராவது சொன்னார்களா? வங்கிக் கட்டடத்தில் கதவு மாட்டிக்கொண்டிருந்தோம். உன் அத்தான் அளவெடுப்பார், பேசுவார். மாட்டுவது நான்தான், எப்போதும் நான்தான். மேனேஜர் வந்து வேலையைப் பார்த்துவிட்டு இந்த அம்மா யார் என்று கேட்டார். "வீட்டுக்காரம்மா. சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வருவாங்க" என்றார். நான் அப்போது ஏணி மேல் நின்று மேல் கீலை முடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதவை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அப்புறம் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ஒத்தாசைக்கு வந்தவள் சார்ஜர் கேட்டுப் போய் நிற்க முடியாது.

மீட்டரில் பார்த்தேன். ஒன்றில் பதினாறரை. இன்னொன்றில் கிட்டத்தட்ட பதினாறு. மூன்றாவதில் ஒன்பது. அது முன்பு ஒரு தடவை தண்ணீரில் விழுந்தது.

இடம் ஜெனரேட்டர் அறைக்கு வெளியே உள்ள வராந்தா. மாட்ட வேண்டிய கதவுகளை அங்கேதான் சுவரோடு சாய்த்து அடுக்கியிருக்கிறோம். வார்னிஷ் டின், தின்னர் டின் எல்லாம் அங்கே. வேறு இடத்தில் மழைச் சாரல் அடிக்கிறது.

இப்போதைக்குக் கையாலேயே துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். கதவு நிலையெல்லாம் இரும்பு மாதிரி கெட்டி மரம். ஒரு நாளைக்கு ஒரு கதவுதான் முடிகிறது. இந்த வேகத்தில் போனால் கதவு முடிவதற்குள் ஆஸ்பத்திரியில் இரண்டு தலைமுறை பிறந்துவிடும். என்ன வழி?

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

வழி இந்தப் பெட்டியில் இருக்கிறது. லாரிக்காரரிடம் தலைகீழாக வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இது என் சொந்த பவர் சப்ளை. எங்கள் சோதனைக் கூடத்தில் தினம் இந்த மாதிரி ஒன்றை வைத்துத்தான் பேட்டரிகளுக்கு ஏற்றி இறக்கிப் பார்க்கிறோம். இருபதரை வோல்டில் வைத்திருக்கிறேன். முழுசாக ஏறாது, பரவாயில்லை. கரண்ட் ஒரு ஆம்பியருக்கு மேல் போகாது. வோல்டையும் கரண்டையும் மாற்றுகிற இரண்டு திருகுகள் மேலும் அரக்கு ஊற்றிவிட்டேன். யாரும் தொட வேண்டாம். குறிப்பாக ஜெனரேட்டர்காரர் தொட வேண்டாம்.

சிவப்பு கிளிப் பிளஸ் தகட்டில், கறுப்பு மைனஸில். மாற்றிப் போடாதே. பேட்டரி மேலேயே குறி இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் மட்டும் போடு. பக்கத்திலேயே உட்கார். அவ்வப்போது கையால் தொட்டுப் பார். இளஞ்சூடு சரி. கையை எடுக்கத் தோன்றினால் உடனே கிளிப்பைக் கழற்று. கரண்ட் முள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்ததும் எடுத்துவிடு. அரை நாள் ஆகும். அவசரப்படாதே. இதை நான் சொல்கிறேன் என்று சிரிக்காதே.

ஒன்பது வோல்ட் பேட்டரி செத்துவிட்டது. அதை எதிலும் மாட்டாதே. தகடுகள் மேல் டேப் ஒட்டித் தனியாகப் போட்டு வை. தின்னர் டின் பக்கத்தில் எதையும் சார்ஜ் போடாதே. சாரல் அடித்தால் ஒரு தகரத்தை மறைப்பாக வை, கட்டாந்தரையில் வைத்துப் போடு. இதில் எதற்கும் உன் சொந்தக் கருத்து தேவையில்லை.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் அதைத் திறக்க விடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பெட்டி வருவதற்கு முந்தின நாள் நான் புது வார்டில் கீல் பொருத்திக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர்காரர் நல்ல மனிதர். நான் கையால் துளை போட்டுக் கை வீங்கி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓரமாகப் போட்டிருந்த அந்தச் செத்த பேட்டரியை எடுத்து சோலாரில் மாட்டியிருக்கிறார். செத்ததுதானே, உயிர் வந்தால் லாபம், வராவிட்டால் நட்டமில்லை என்று நினைத்தாராம். மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஸ்குரூ டப்பாவை எடுக்க வந்தேன். வராந்தாவில் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை. தின்னர் கொட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் பேட்டரி உப்பிப் புகைகிறது. சிமென்ட் கலக்கும் மண்வெட்டி அங்கேயே சாய்த்து வைத்திருந்தது. அதில் அள்ளி மணல் குவியலுக்கு ஓடினேன். ஒயர் இழுபட்டு அறுந்தது. மணலில் போட்டுத் திரும்புவதற்குள் பட்டாசு மாதிரி வெடித்து எரிந்தது. மணலை அள்ளி மேலே போட்டுக்கொண்டே இருந்தேன். அடங்க நேரமாயிற்று. ஒரு கதவின் கீழ் ஓரம் கருகியிருக்கிறது. இழைத்துவிட்டு வார்னிஷ் அடித்தால் தெரியாது. தின்னர் டின்னுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு இருந்தது.

ஜெனரேட்டர்காரர் இன்று வரைக்கும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சூப்பர்வைசர் பேசினார். நிறையப் பேசினார். கம்பெனி சார்ஜர், கம்பெனி பேட்டரி, இரண்டும் ஜோடியாக இருந்தால் ஒழிய இந்த மலையில் யாரும் எதையும் சார்ஜ் போடக்கூடாது என்று உத்தரவு. உன் பெட்டியை வாங்கித் தன் மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதில்தான் ஆபத்தே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "லேபிள் எங்கம்மா? அரக்கு வச்சு ஒட்டியிருக்கு, சாராயப் பாட்டில் மாதிரி" என்றார்.

அக்கா


ஜூன் 24

அக்காவுக்கு,

சாராயப் பாட்டிலா? அந்தப் பெட்டியில் வோல்ட் ஒரு நூலளவு நகராது. ஒரிஜினல் சார்ஜரை விட இது பேட்டரிக்கு நல்லது. மெதுவாக ஏற்றும், முழுசாக ஏற்றாது. பேட்டரி ஆயுள் கூடும். தீப்பிடித்தது சோலாரால். என் பெட்டி அப்போது லாரியில் வந்துகொண்டிருந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? மாடு முட்டியதற்கு ஆட்டைக் கட்டிப்போடுகிற நியாயம் இது.

சூப்பர்வைசருக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், வரைபடத்தோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கே புரியும். அவரிடம் கொடு.

இன்னொரு விஷயம். மண்வெட்டியில் அள்ளிக்கொண்டு ஓடினாயாமே. அந்தப் புகை விஷம். அதை மூச்சில் இழுத்தாயா? இருமல் இருக்கிறதா? கையில் ஏதாவது தெறித்ததா? ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாய், யாரிடமாவது காட்டு. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பெட்டியைப் பற்றி எழுதிவிட்டுத்தான் ஞாபகம் வந்தது.

தம்பி


ஜூன் 26

தம்பிக்கு,

கை நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் இருமினேன், டாக்டரம்மா பார்த்தார், இப்போது இல்லை. பெட்டிக்கு அப்புறமாவது அக்கா ஞாபகம் வந்ததே.

உன் கடிதத்தை சூப்பர்வைசர் நான்கு பக்கமும் படித்தார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி ரொம்பப் படிச்சவர் போல. சரி, லேபிள் இருக்கா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னொரு தீ என்றால் அவர் வேலை போய்விடும்.

அதோடு முடியவில்லை. கையால் வேலை பார்த்தால் திறப்புக்குள் முடியாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கீழே ஒரு கடையில் ஆள் கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். மீதிக் கதவை அவர்கள் மாட்டட்டும், நீங்கள் கூட இருந்து ஒத்தாசை செய்யுங்கள் என்றார். எந்தக் கடை என்று கேட்டேன். சொன்னார். வங்கிக் கட்டடத்தில் அந்தக் கடைக்காரர் மாட்டிய கதவைப் பார்த்தாராம், அப்படி ஒரு நறுவிசு எங்கும் பார்த்ததில்லையாம். அது யார் கடை என்றும் சொல்லவில்லை, அந்தக் கதவை மாட்டியது யார் என்றும் சொல்லவில்லை. வெளியே வந்து மணல் குவியல் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் மாட்டிய கதவைக் காட்டி, அவர் பெயரைச் சொல்லி, என் வேலையை என்னிடமிருந்து எடுக்கப் போகிறார்கள். இது நடக்கக்கூடாது. அதனால் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

மீதி இருக்கும் இரண்டு பேட்டரியில் நல்லதை இந்தப் பையில் வைத்திருக்கிறேன். தகட்டில் டேப் ஒட்டியிருக்கிறேன், பயப்படாதே. இதைக் கொண்டுபோய் அவரிடம் கொடு. டிரில் இருந்தும் பேட்டரி இல்லாமல் அவரும் திண்டாடிக்கொண்டிருப்பார். இது அவருக்கு. பதிலுக்கு சார்ஜர் எனக்கு. மாற்றிக்கொள்கிறோம், அவ்வளவுதான். கேட்டேன் என்று சொல்லாதே, மாற்றிக்கொள்ளச் சொன்னேன் என்று சொல். சும்மா கொடுத்தால் வாங்காதே. ஏதாவது சொல்லி அனுப்பினால் கேட்டுக்கொண்டு வராதே. உன் மூளை, எங்கள் மூளை எதைப் பற்றியும் அங்கே பேசாதே.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

சார்ஜர் பையில் இருக்கிறது. ஒரிஜினல். லேபிள் இருக்கிறது, சூப்பர்வைசர் அதைத் தடவிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். கடைக்குப் போனேன். அத்தான் ஒயர் வைத்த பழைய டிரில்லால் ஒரு அலமாரிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஒயர் காலில் சுற்றிக் கிடந்தது. சார்ஜர் சுவரில் மாட்டியபடியே இருந்தது, பச்சை விளக்கோடு. ஒன்றும் மாட்டாமல் எதற்கு ஓடுகிறது என்று கேட்டேன். "கழட்ட மறந்துட்டேன்" என்றார். இத்தனை மாதமாகவா என்று கேட்டேன். கரண்ட் வீண்.

நீ சொன்னபடியே சொன்னேன். பேட்டரியை மேஜையில் வைத்தேன். "பேட்டரி வேணாம். சார்ஜரை எடுத்துட்டுப் போ மாப்ளே. அவ கேட்டா கொடுக்காம இருப்பேனா?" என்றார். அக்கா கேட்கவில்லை, மாற்றிக்கொள்ளச் சொன்னாள், சும்மா வாங்கிப் போனால் அடுத்த லாரியில் திரும்பி வரும், எனக்கு இரட்டை வேலை என்றேன். கொஞ்ச நேரம் பேட்டரியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். டேப்பைப் பிரித்தார், சார்ஜரில் போட்டார். அது ஏறும் வரைக்கும் இரு என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அரை நாள் லீவு வேறு.

மலையிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். போகப் போகிறீர்களா என்றேன். "போனா டிரில் வேணுமே, எங்கிட்ட ஏது பேட்டரி?" என்றார். இப்போது வந்துவிட்டது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அந்த வேலை யாருதுன்னு அவங்க எழுதல. ஆனா கதவு எப்படி நிக்குதுன்னு எழுதியிருந்தாங்க. படிச்சதும் தெரிஞ்சுபோச்சு. அவ மாட்டின கதவுக்குப் பக்கத்துல நான் மாட்டினா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். நான் வரலன்னு எழுதிடு" என்றார். நான் ஏன் எழுத வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்றேன். என் முன்னால் உட்கார்ந்து எழுதினார். இந்த லாரியில்தான் அதுவும் வருகிறது, சூப்பர்வைசர் பெயருக்கு. ஒட்டியிருக்கிறது, நான் படிக்கவில்லை.

கிளம்பும்போது, இந்த பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, மாற்றிக்கொண்டாகிவிட்டது என்றேன். சரிதானே?

தம்பி


ஜூலை 3

தம்பிக்கு,

சார்ஜர் வேலை செய்கிறது. சூப்பர்வைசர் நிஜமாகவே லேபிளைத் தடவிப் பார்த்தார். அந்தக் கடிதத்தையும் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வங்கிக் கதவு உங்க வேலையாம்மா? இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்ததாம். அதை எனக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பேட்டரிதான். ஆனால் மதியச் சமையலுக்கும் சாயங்காலச் சமையலுக்கும் ஜெனரேட்டர் ஓடுகிறது, இரண்டு தடவை ஏற்றிக்கொள்கிறேன். துளைக்கு டிரில், ஸ்குரூவுக்குக் கை. வேலை ஓடுகிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

நீ சொன்னது சரிதானா என்று கேட்டாய். கணக்குப்படி சரி.

அக்கா


ஜூலை 17

தம்பிக்கு,

கதவு பாதிக்கு மேல் முடிந்தது. கருகிய கதவை இழைத்து, மருந்து வைக்கும் அறைக்கு மாட்டிவிட்டேன். ஜெனரேட்டர்காரர் பேச ஆரம்பித்துவிட்டார். முதலில் என்னிடம் இல்லை, சார்ஜரிடம். அதன் முன்னால் உட்கார்ந்து, சிவப்பு பச்சையாக மாறும் வரைக்கும் காவல் காக்கிறார்.

நேற்று லாரியில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. உள்ளே அந்த பேட்டரி. தீர்ந்துபோயிருந்தது. தகட்டில் டேப் ஒழுங்காக ஒட்டியிருந்தது. சீட்டு எதுவும் இல்லை. யார் கொடுத்தது என்று லாரிக்காரரைக் கேட்டேன். "கடைக்காரர்மா. உங்ககிட்டக் கொடுத்தா உங்களுக்கே தெரியும்னார்" என்றார்.

ராத்திரிச் சமையல் நேரத்தில் அதைப் போட்டு ஏற்றினேன். இன்று காலையில் டேப் ஒட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நானும் சீட்டு எதுவும் வைக்கவில்லை.

சும்மா தெரிவிக்கத்தான் எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

இது என்ன வேலை? வாரத்துக்கு ஒரு தடவைதான் அந்த பேட்டரி மலை ஏறி இறங்க முடியும். அத்தான் அதை இரண்டு நாளில் தீர்த்துவிடுவார், மீதி நாளெல்லாம் ஒயரில் தடுக்கி விழுந்துகொண்டிருப்பார். லாரிக்காரருக்கும் வேறு வேலை இல்லையா? லாரியில், வெயிலில், குலுங்கக் குலுங்க லித்தியம் பேட்டரியை இப்படி அலைக்கழிப்பது நல்லதும் இல்லை.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. சூப்பர்வைசர் மேஜைக்குக் கீழே இருக்கிற என் பவர் சப்ளையை அனுப்பு. அத்தான் கடையிலிருந்து என் அறை பத்து நிமிடம். தினம் வேலை முடிந்து வரும்போது பேட்டரியை என்னிடம் கொடுத்தால் காலையில் ஏற்றிக் கொடுத்துவிடுவேன். போன ஞாயிறு வழியில் பார்த்தபோது அவரிடம் சொல்லியும் விட்டேன். பார்க்கலாம் என்றார். ஏன் எல்லாவற்றையும் சிக்கலாக்கிக்கொள்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. பிரச்சினை என்ன, சார்ஜ் ஏற வேண்டும். ஏறிவிடும். முடிந்தது.

தம்பி


ஜூலை 31

தம்பிக்கு,

நேற்று திறப்பு முடிந்தது. பெரிய டாக்டர் ஒவ்வொரு அறையாகப் போனார். கடைசி அறையில் கதவைத் தள்ளிவிட்டு நின்று, அது தானாகப் போய்ச் சத்தமில்லாமல் மூடுவதைப் பார்த்தார். திரும்ப ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். வேலை முடிந்த சான்றிதழில் யார் பெயர் எழுதுவது என்று சூப்பர்வைசர் கேட்டார். அவருக்குத் தெரியும், இருந்தாலும் என் வாயால் சொல்ல வைக்கக் கேட்டார். சொன்னேன். நர்ஸ்கள் தங்கும் வீடுகளுக்கும் என்னையே மாட்டச் சொல்லிவிட்டார்கள். அதுவும் என் பெயரில். மழைக்காலம் முடியும்வரை இங்கேதான் இருப்பேன்.

உன் பெட்டி இந்த லாரியில் வருகிறது. அரக்கு உடையவில்லை. அதற்கு நன்றி. பெட்டி உதவாவிட்டாலும், நீ எழுதிய பாடம் மட்டும் இல்லாவிட்டால், செத்த பேட்டரியை நானே சோலாரில் மாட்டியிருப்பேன், தின்னர் பக்கத்தில் உட்கார்ந்து காவலும் காத்திருப்பேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். இதற்கும் ஒரு வரிதான். அவருடைய பேட்டரிக்கு நீ சார்ஜ் போடாதே.

காரணம் கேட்காதே. உன் பெட்டியில் குறை ஒன்றும் இல்லை. இந்த வாரமும் பொட்டலம் வந்தது. பேட்டரியோடு ஒரு டப்பா கீல் ஸ்குரூ வைத்திருந்தார், இங்கே கிடைக்காத நீளம். எனக்கு அது தேவைப்படும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. லாரியிலேயே வரட்டும். மெதுவாக வரட்டும்.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

பவர் சப்ளை வந்து சேர்ந்தது. அரக்கை உடைத்துச் சோதித்துப் பார்த்தேன். இருபதரை. மேலே போய் வந்தும் துளிகூட மாறவில்லை. இதை சூப்பர்வைசரிடம் சொல்.

முந்தா நாள் சாயங்காலம் அத்தான் என் அறைக்கு வந்தார். கையில் பேட்டரி. மேஜை மேல்தான் பெட்டி இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "நீ சொன்னியே, ஏத்தித் தர்றேன்னு" என்றார். சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

பெட்டி ரிப்பேர் என்றேன்.

நன்றாக ஓடுகிற ஒரு கருவியைப் பார்த்து நான் இப்படிச் சொன்னது இல்லை. அவருக்கும் மீட்டர் படிக்கத் தெரியும், அந்த விளக்கு எதற்கு எரிகிறது என்றும் தெரியும். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியா, ரிப்பேரா" என்றார். வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இன்று காலையில் லாரிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்கப் போனேன். எனக்கு முன்னால் அத்தான் வந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அது உருளாமல் இருக்க டிரைவர் இருக்கைக்கு அடியில் மரத்துண்டு வைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த முறை பொட்டலம் கொஞ்சம் பெரிதாக இருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை.

தம்பி